பதில்: பைத்தானில் ஃபயர்ஃபாக்ஸ் ஹிஸ்டரி, "டேட்டாபேஸ் லாக்டு" பிழை

ஃபயர்ஃபாக்ஸில் பார்த்த பக்கங்களின் பட்டியலை (ஹிஸ்டரி) பைத்தான் ஸ்கிரிப்டால் படிக்கும்போது வருவதாக நீங்கள் சொன்ன இரண்டும், அதாவது டேட்டாபேஸ் கோப்பு பூட்டியிருப்பதாக வரும் லாக் பிழையும் தேதி மாற்றும்போது ஆண்டு வரம்பு மீறியதாக வரும் பிழையும், வேறு வேறு பிரச்சினைகள்.

முதலில் லாக். ஹிஸ்டரி சேமிக்கப்படும் பிளேசஸ் (places.sqlite) கோப்பை, பிரௌசர் ஓடும்போது அது பிடித்து வைத்திருக்கும், அதனால் நேராகத் திறக்காதீர்கள், வேறு ஃபோல்டருக்கு நகல் எடுத்து நகலைத் திறங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான்: பிளேசஸ் கோப்பின் பக்கத்தில் அதே பெயரோடு "வால்" (-wal) என்று முடியும் இன்னொரு கோப்பு இருக்கும். புதிதாகப் போன பக்கங்கள் முதலில் அதில்தான் எழுதப்படும், அதையும் சேர்த்து நகலெடுக்காமல் விட்டுவிட்டால் காலையில் பார்த்தது எதுவும் வராது. நானும் ஒருமுறை என் குவெரி (டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் கட்டளை) தப்பு என்று அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். பிரௌசரை மூடிவிட்டு நகலெடுத்தால் இந்தத் தலைவலியே இல்லை.

அப்புறம் தேதி. பக்கத்தைக் கடைசியாகப் பார்த்த நேரமாக அந்தக் கோப்பில் இருக்கும் 16 இலக்க எண் விநாடி அல்ல, 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய மைக்ரோ விநாடி. 10 லட்சத்தால் வகுத்த பிறகு பைத்தானிடம் கொடுங்கள், சரியாக வரும். புக்மார்க் மட்டும் செய்து ஒருமுறைகூடத் திறக்காத பக்கங்களுக்கு அந்த நேரக் கட்டம் காலியாக இருக்கும், வகுக்கும் முன் அவற்றை வடிகட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ஸ்கிரிப்ட் பாதியில் நின்றுவிடும்.

அடுத்து குரோமுக்கும் எழுதப்போவதாகச் சொன்னீர்களே, அங்கே எண் 17 இலக்கம், கணக்கு 1601-இல் தொடங்கும். அதையும் 10 லட்சத்தால் வகுத்த பின், 1601-க்கும் 1970-க்கும் இடையிலான விநாடிகளான 11644473600-ஐக் கழியுங்கள்.