இணையத்தில் நாகரிகமாகப் பேசுவது என்றால் கெட்ட வார்த்தை பேசாமலிருப்பது மட்டும்தானா?

இல்லை. ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லாமல், மரியாதையாக 'நீங்கள்' போட்டு, கடைசியில் கைகூப்பும் பொம்மையும் வைத்து ஒருவரை அவமானப்படுத்தலாம். செய்தவள் நான்.

சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கிலுள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. 2020 ஏப்ரலில் கொவிட் கட்டுப்பாடுகளால் எல்லாரும் வீட்டுக்குள் முடங்கியபோது தொடங்கியது. தேக்கா சந்தைக்குப் போகிற ஒருவர் மற்றவர்களுக்கும் சேர்த்துக் காய்கறி வாங்கி, கதவுக் கம்பியில் பையை மாட்டிவிட்டுப் போவார். ஒரு நாள் ஏழாவது மாடி அக்கா எழுதினார்: "நாலை தேக்கா போகிரேன். முறுங்கைக் கீறை யாருக்கு வேண்டும்?"

நான் கும்பகோணத்துக்காரி, தமிழில் முதுகலைப் பட்டம் வேறு. (அந்தப் பட்டத்துக்கு இங்கே வேலை கிடைக்காத எரிச்சலும் உள்ளே இருந்திருக்கும்.) உடனே தட்டிவிட்டேன்: "நாளை, போகிறேன், முருங்கை, கீரை. இரண்டு வரியில் நான்கு பிழை! தமிழை வாழ விடுங்கள், அக்கா." மூன்று பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். கீரை வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

"மன்னிக்கவும்" என்று மட்டும் எழுதினார். அதன்பிறகு அவர் எழுதியதெல்லாம் ஆங்கிலம்தான்.

சில மாதங்கள் கழித்து மின்தூக்கியில் பார்த்தபோது, ஏன் இப்போது தமிழில் எழுதுவதில்லை என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன். "என் தமிழைப் படிக்க உங்களுக்குக் கஷ்டமாக இருக்குமே, அதனால்தான்" என்றார். குரலில் குத்தலே இல்லை, அதுதான் சுட்டது. சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர். பலதுறை மருந்தகத்தில் தாதி. ஆங்கிலம் தெரியாத பாட்டிகளுக்கு எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னால், எது பின்னால் என்று தமிழில் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பவர். அவரிடம்தான் தமிழை வாழ விடச் சொல்லியிருக்கிறேன்.

சிங்கப்பூர் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசுவது தமிழ் என்று சொன்ன ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்கள் 2010-இல் 3.3 விழுக்காடு. 2020-இல் அது 2.5. இதற்குப் பெரிய காரணங்கள் பல இருக்கும். ஆனால் எழுத வந்த ஒருவரைத் திருப்பி அனுப்பிய கணக்கு என்னுடையது.

இதற்கெல்லாம் சட்டம் வராது. துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டம் இங்கே 2014-இல் இயற்றப்பட்டது. ஒருவரைத் தொல்லைப்படுத்தும் நோக்கில் அவருடைய முகவரியையோ கைத்தொலைபேசி எண்ணையோ இணையத்தில் போடுவதும் 2019-இல் செய்த திருத்தத்தால் குற்றமாயிற்று. மிரட்டுகிறவனையும் விடாமல் துரத்துகிறவனையும் அது பார்த்துக்கொள்ளும். ர, ற திருத்துகிறவளை யார் பிடிப்பது?

அப்படியானால் பிழையைச் சொல்லவே கூடாதா என்று கேட்பீர்கள். அச்சுக்குப் போகிற அழைப்பிதழ் என்றால் எழுதியவரைத் தனியே அழைத்துச் சொல்கிறேன். கேட்டால் சொல்கிறேன். கீரை வாங்கித் தரட்டுமா என்று கேட்பவரிடம் கீரை வேண்டுமா வேண்டாமா என்பதைத்தான் சொல்ல வேண்டும். இதை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள எனக்கு நாற்பது வயது தாண்ட வேண்டியிருந்தது.

போன பொங்கலன்று காலை, எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த அக்காவிடமிருந்து குழுவில் தமிழில் ஒரு வரி: "அனைவருக்கும் இனிய பொங்கள் வாழ்த்துகள்." கை துறுதுறுத்தது, பொய் சொல்ல மாட்டேன். "உங்களுக்கும் வாழ்த்துகள், அக்கா. பால் பொங்கியதா?" என்று கேட்டேன்.

"பொங்கி அடுப்பே அனைந்துவிட்டது" என்று பதில் வந்தது.