நாளைத் திரும்பிப் பார்த்தால் குற்ற உணர்வுதான் மிஞ்சுகிறது

கேள்வி: இரவில் அன்றைய நாளை ஆண்டவர் முன் நினைத்துப் பார்த்து ஜெபிக்க முயல்கிறேன். அலுவலகம், சமையல், பிள்ளையின் படிப்பு, இவ்வளவுதான் என் நாள். இதில் தியானிக்க என்ன இருக்கிறது? கடைசியில் மகளிடம் எரிந்து விழுந்ததுதான் நினைவுக்கு வருகிறது. அழுதபடியே தூங்கிப்போகிறேன். ஜெபித்த நிறைவே இல்லை.
- ஒரு வாசகி

பதில்: அன்புச் சகோதரி, 'இவ்வளவுதான் என் நாள்' என்று எழுதியிருக்கிறீர்கள். இயேசு ஊழியத்தைத் தொடங்கியபோது அவருக்கு ஏறக்குறைய 30 வயது என்கிறார் லூக்கா. அதுவரை வீடும் தச்சு வேலையுமாகத்தான் அவருடைய நாட்களும் கழிந்தன. அடுப்படியையும் வீட்டுப்பாடத்தையும் அவரிடம் பேசக் கூச்சமே வேண்டாம்.

உங்கள் சிக்கல் வேறு இடத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் 'ஆன்மீகப் பயிற்சிகள்' என்ற நூல் 1548-இல் அச்சானது. அதில் ஆன்ம சோதனைக்கு, அதாவது அன்றைய நாளை ஆண்டவர் முன் ஆராய்ந்து பார்க்கும் ஜெபத்துக்கு, ஐந்து படிகள் உண்டு. முதலில் பெற்ற நன்மைகளுக்கு நன்றி. அடுத்து, நம் குறைகளைக் காண அருள் கேட்பது. மூன்றாவதாகத்தான் அன்றைய நாளை மணிக்கு மணி நினைத்துப் பார்ப்பது. பிறகு மன்னிப்பு, கடைசியாகத் திருந்தும் தீர்மானம். நீங்கள் எடுத்த எடுப்பிலேயே நான்காவது படிக்குப் போய் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறீர்கள். நன்றி சொல்லாமல் குறைகளைத் தோண்டினால், நம்மை நாமே விசாரித்துத் தீர்ப்பும் எழுதிவிடுவோம். ஆண்டவருக்குப் பேச இடமே இருக்காது. 139-ஆம் திருப்பாடலைப் பாருங்கள்: என்னை ஆராய்ந்து பாரும் என்று கடவுளிடம்தான் மன்றாடுகிறார் அதைப் பாடியவர்.

சரி, மகளிடம் கோபப்பட்ட அந்த நேரத்தையே எடுத்துக்கொள்வோம். அவள் நோட்டை நீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள் அல்லவா? உங்களிடம் வரலாம் என்ற நம்பிக்கையில்தானே வந்தாள்? முதலில் அதற்கு நன்றி சொல்லுங்கள். பிறகு, 'ஆண்டவரே, அந்த நேரத்தில் எனக்குள் என்ன நடந்தது?' என்று கேட்டுவிட்டுச் சற்றுப் பேசாமல் இருங்கள். ஒருவேளை அந்தக் கோபம் அலுவலகத்தில் யாரோ சொன்ன சொல்லுக்காக இருக்கலாம். வெறும் களைப்பாகவும் இருக்கலாம். காரணம் தெரிந்தால் தப்பு சரியாகிவிடாது, ஆனால் எதற்கு மன்னிப்பு கேட்கிறோம் என்பது தெளிவாகும். கேட்டபின் அதையே மறுபடி மறுபடி கிளறாதீர்கள். நாளைக்கு ஒரே ஒரு தீர்மானம் போதும்: வீட்டுக்குள் நுழைந்ததும் ஐந்து நிமிடம் அவளோடு உட்காருவது. காலையில் அவளிடமும் மன்னிப்பு கேளுங்கள். ஜெபத்தின் பாதி அதுதான்.

எல்லா நாளும் கண்ணீர் வராது, உருக்கமும் இருக்காது. அதை வைத்து ஜெபத்தை அளக்க வேண்டாம். இத்தனைக்குப் பிறகும் ஏதாவது ஒரு குற்ற உணர்வு மாதக்கணக்கில் விடாமல் அழுத்தினால், உங்கள் பங்குத்தந்தையிடமோ போதகரிடமோ மனம்விட்டுப் பேசுங்கள்.

அப்புறம், தூக்கம். இயேசு சபையினர் இந்த ஆன்ம சோதனையை நண்பகலிலும் இரவிலும் செய்வது வழக்கம். படுக்கைக்குப் போகும்வரை நீங்களும் காத்திருக்க வேண்டாம். மதியம் சாப்பிட்டபின் ஒரு பத்து நிமிடம் நாற்காலியில் அமர்ந்து செய்து பாருங்கள்.