எரித்ரோஃபில்லா பெகோனியா: மண் அணைத்தால் கிழங்கு அழுகும்

கேள்வி: ஏற்காட்டில் சிறிய அளவில் அலங்காரச் செடி நாற்றங்கால் வைத்துள்ளேன். உருண்டை இலையும் அதன் அடிப்பக்கத்தில் சிவப்பும் கொண்ட 'எரித்ரோஃபில்லா' பெகோனியாவை 75 சதவீத நிழல்வலையின் கீழ் தொட்டிகளில் வளர்க்கிறேன். தடித்த தண்டு தொட்டி விளிம்பைத் தாண்டியதால் மண் அணைத்தேன். மழைக்காலத்தில் பல செடிகள் அழுகிவிட்டன. மிஞ்சியவற்றில் சிவப்பும் மங்குகிறது. விதையெடுத்துப் பெருக்கலாமா?

பதில்: அழுகலுக்குக் காரணம் மழை மட்டுமன்று, நீங்கள் அணைத்த மண்ணும்தான். நீங்கள் தண்டு என்று குறிப்பிடுவது இச்செடியின் கிழங்கு. இஞ்சி, மஞ்சளைப் போல இது மண்ணுக்குள் புதைந்து வளர்வதில்லை, மண்ணின் மேல் ஊர்ந்து சென்று, தொட்ட இடத்தில் மட்டும் வேர்விடும். அதை மூடிவிட்டால் ஈரம் தேங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். அழுகிய பகுதியைக் கெட்டியான சதை தெரியும்வரை வெட்டியெறிந்து, வெட்டுவாய் உலர்ந்தபின், நார்க்கழிவும் இலைமக்கும் பெருமணலும் கலந்த கலவையின் மேல் கிழங்கு பாதி வெளியே தெரியும்படி பதியுங்கள். வேர் ஆழமாக இறங்காது என்பதால் அகன்ற, ஆழமில்லாத தொட்டியே போதும். மேல்மண் உலர்ந்த பிறகே நீர் விட வேண்டும். விளிம்பைத் தாண்டித் தொங்கும் கிழங்கும் ஓர் அழகுதான், அதை மறைக்கத் தேவையில்லை.

சிவப்பு மங்குவதற்கும் இலைக்காம்பு நீள்வதற்கும் ஒளிக்குறைவையே முதலில் சந்தேகிக்க வேண்டும். 50 சதவீத வலைக்கு மாற்றுங்கள். நேரடி உச்சிவெயில் மட்டும் ஆகாது, இலை கருகும்.

விதையை நம்ப வேண்டாம். மெக்சிகோவைச் சேர்ந்த ஹைட்ரோகோட்டிலிஃபோலியா, மானிகேட்டா என்னும் இரு பெகோனியா இனங்களை இணைத்து 1845-இல் ஜெர்மனியில் உருவாக்கப்பட்ட கலப்பினம் இது. பெகோனியாக் கலப்பினங்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று. விதையிலிருந்து வரும் கன்றுகள் தாய்ச்செடியை ஒத்திருக்கமாட்டா. மேற்புறம் பளபளக்கும் கரும்பச்சை, அடியில் செம்மை, ஓரத்தில் மெல்லிய வெண்மயிர் என்ற அடையாளங்கள் மாறாமல் வேண்டுமெனில், ஓரிரு கணுக்களாவது உள்ள விரல்நீளக் கிழங்குத் துண்டுகளையோ, சிறிது காம்புடன் கூடிய முதிர்ந்த இலைகளையோ நடுங்கள். ஓரம் சுருண்டு மடிந்த 'பஞ்சி' (Bunchii), நடுவில் திருகுச் சுருளாக வளரும் 'ஹெலிக்ஸ்' ஆகியவை இதே செடியில் தோன்றிய திடீர் மாற்றங்கள். அவற்றுக்குக் கிழங்குத் துண்டே பாதுகாப்பானது.

ஆங்கிலத்தில் இதை மாட்டிறைச்சித் துண்டுக்கு ஒப்பிட்டு 'பீஃப்ஸ்டீக் பெகோனியா' என்கிறார்கள். அல்லி இலை என்று சொல்லி விற்றால் நம்மவருக்கு எளிதில் விளங்கும். குளிர்காலக் கடைசியில் நீண்ட காம்பில், இலைக்கு மேலே, இளஞ்சிவப்புச் சிறுபூக்கள் கொத்தாக வரும். அந்தப் பருவத்தில் செடிகளை நெருக்கி வைத்தால் காற்றோட்டம் குன்றிச் சாம்பல் நோய் இலைகளில் வெண்பொடியாகப் படரும். ஆகவே தொட்டிகளுக்கிடையே ஒரு சாணாவது இடைவெளி விட்டு, இலையின் மேல் நீர் தெளிக்காமல் வேரடியில் மட்டும் ஊற்றுங்கள்.