1.40 விமானம், 12.40 கவுண்டர், நடுவில் ஒரு மலை

கேள்வி: கொல்கத்தாவில் வேலை பார்க்கிறோம். மாமியார் ஊர், ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூருக்கு அந்தப்பக்கம் ஒரு மலைக்கிராமம். போன பொங்கல் முடிந்து திரும்பும்போது, மதியம் 1.40 விமானத்துக்குக் காலை 6 மணிக்கே கொழுந்தனார் காரில் கிளம்பினோம். போனில் மேப் ‘20 நிமிடம் மிச்சம்’ என்று காட்டியதால் அமிர்திப் பக்கம் ஒரு காட்டுப்பாதையில் இறங்கினோம். பாதி வழியில் தார் போய் ஜல்லி வந்தது, அப்புறம் சிக்னலும் போனது. எதிரே வந்த டிராக்டருக்கு வழிவிட அரை கிலோமீட்டர் ரிவர்ஸ் எடுத்தோம். சென்னை விமான நிலையத்தில் பெட்டி போடும் கவுண்டர் முன்னால் போய் நின்றபோது மணி 12.36. அந்தச் சண்டை வீட்டில் இன்னும் ஓயவில்லை. இந்தப் பொங்கலுக்கும் போகிறோம். எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எந்த வழியில் வர வேண்டும்?

பதில்: வேலூரில் 20 வருடத்துக்கு மேல் வாடகைக் கார் ஓட்டுகிறேன். சிஎம்சி-க்கு வைத்தியத்துக்கு வரும் கொல்கத்தாக்காரர்களை மீனம்பாக்கத்தில் கொண்டுபோய் விடுவதுதான் பாதிப் பிழைப்பு. அதனால் உங்கள் 12.36 எனக்குப் புரிகிறது.

முதலில் 1.40-ஐ மறந்துவிடுங்கள். உள்நாட்டு விமானத்துக்குப் பெட்டி போடும் கவுண்டரைப் பொதுவாக 60 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள். உங்கள் கணக்கு முடிவது 12.40-ல். போர்டிங் கேட் 25 நிமிடம் முன்னால் மூடும், அதாவது 1.15. போர்டிங் பாஸைப் போனில் எடுத்துக்கொண்டு கைப்பையோடு மட்டும் போகிறவருக்கு அந்த 35 நிமிடம் லாபம். ஆனால் மாமியார் வீட்டில் இருந்து யார் கைவீசிக்கொண்டு திரும்புகிறார்கள்? சாமை அரிசி, புளி, ஊறுகாய் என்று இரண்டு பெட்டியாவது சேர்ந்துவிடும். ஆகவே 11.40-க்கு டெர்மினல் வாசலில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

ஜமுனாமரத்தூரில் இருந்து போளூர், ஆரணி, ஆற்காடு வழியாக விமான நிலையம் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். இதில் போளூர் வரைக்குமான முதல் 40 கிலோமீட்டர்தான் கணக்குக்கு அடங்காதது. மிச்சம் 160-ல் எங்கே எவ்வளவு நேரம் போகும் என்று என்னால் விரல்விட்டுச் சொல்ல முடியும். மலையில் முடியாது. பனி இறங்கும், மரம் சாய்ந்திருக்கும், கொண்டை ஊசி வளைவில் லாரி நிற்கும், பின்சீட்டில் குழந்தை வாந்தி எடுக்கும். கணக்கு போட முடியாத தூரத்தை விமானத்தன்று வைத்துக்கொள்ளாதீர்கள். முதல் நாளே இறங்கி, ஆரணியிலோ வேலூரிலோ படுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். ஒரு ராத்திரி லாட்ஜ் வாடகை, கடைசி நேரத்தில் எடுக்கும் கொல்கத்தா டிக்கெட்டுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

இறங்குவதையும் இருட்டுவதற்கு முன் முடியுங்கள். தை மாதத்தில் 6 மணி வாக்கில் பொழுது சாய்ந்துவிடும், மரத்தடியில் அதற்கும் முன்பே மங்கிவிடும். 4 மணிக்கு வண்டி கிளம்பிவிட வேண்டும். மாமியார் ‘இன்னொரு வாய் சாப்பிட்டுப் போ’ என்பார். அதற்கும் சேர்த்து 3 மணி என்று சொல்லி வையுங்கள். ‘விடியற்காலை இறங்கலாமே’ என்று கொழுந்தனார் சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள். அந்த மாதம் சூரியன் வரவே 6.40 ஆகிறது, அதற்குப் பிறகும் பனி விலக வேண்டும்.

இறங்கும்போது கியர் விஷயம் ஒன்று. எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில்தான் இறங்க வேண்டும் என்று பழைய லாரிக்காரர்கள் சொல்வார்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறி, பிடிப்பு குறையும். கருகல் வாசனை வந்தால் ஓரம்கட்டி ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்ற வேண்டாம். குறுகலான இடத்தில் ஏறி வருகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை. அந்த டிராக்டர் ஏறி வந்திருந்தால், நீங்கள் ரிவர்ஸ் எடுத்தது சரிதான்.

மேப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. நிறைய போன்கள் போய்வரும் ரோட்டில்தான் அதன் நேரக்கணக்கு சரியாக இருக்கும். காட்டுப்பாதையில் அதற்குக் கிடைக்கும் தகவலே கொஞ்சம். அதனால் ‘சென்னை ஏர்போர்ட்’ என்று மட்டும் போடாமல், நடுவில் போளூர், ஆரணி, ஆற்காடு மூன்றையும் நிறுத்தங்களாகச் சேர்த்துவிடுங்கள். குறுக்கு வழிக்கு இழுக்காது. வைஃபை இருக்கும் இடத்திலேயே மேப்பை ஆஃப்லைனில் இறக்கிக்கொள்ளுங்கள்.

நானும் குறுக்கு வழியில் புகுந்தவன்தான். ஒருமுறை கண்ணமங்கலம் பக்கம் உள்ளூர் ரோட்டில், விடியும் நேரத்தில், வண்டிகள் ஏறி மிதித்து மணி உதிரட்டும் என்று கொள்ளுச்செடியை ரோட்டில் பரப்பி வைத்திருந்தார்கள். சுற்றிலும் தலை அளவுக்குக் கல். ஒரு கல் செடிக்குள் மறைந்திருந்தது. ‘டங்’ என்று ஒரு சத்தம். பத்தடி தள்ளி நிறுத்திக் குனிந்து பார்த்தால் ஆயில் சேம்பர் கிழிந்து, தார் ரோட்டில் கறுப்பாக ஒரு கோடு. பயணி பின்சீட்டில் டிக்கெட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தெரிந்தவர் ஒருவர் ஊரில் இருந்து கார் எடுத்து வந்ததால் அன்று மானம் பிழைத்தது. கல்லை விடுங்கள், அந்தச் செடி அடியில் சுற்றிக்கொண்டால் சைலன்சர் சூட்டில் தீயே பிடிக்கும். பரப்பியிருந்தால் ஓரமாக ஒதுங்கிப் போங்கள். ஏறித்தான் ஆக வேண்டும் என்றால், தாண்டியதும் இறங்கி ஒரு தடவை அடியில் பாருங்கள்.

பொங்கல் சமயத்தில் நம் பக்கத்துக்கே உரிய இன்னொரு தடை, காளை விடும் விழா. தை பிறந்தால் ஊர் ஊராக நடக்கும். அன்று அந்த ஊர்த் தெருவில் காளைதான் ஓடும், கார் ஓடாது. லாட்ஜிலோ டீக்கடையிலோ ‘நாளைக்கு எந்த ஊரில் மாடு விடுகிறார்கள்?’ என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். மேப் சொல்லாது. கரும்பு வெட்டு நடக்கும் மாதமும் இதுதான். பின்விளக்கு இல்லாத கரும்பு டிராக்டர் இருட்டில் உங்கள் முன்னால் திடீரென்று சுவராக நிற்கும். பகலில் போங்கள் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

மறுநாள் காலை 7 மணிக்கு ஆரணியில் கிளம்புங்கள். ஆற்காடு தாண்டி நெடுஞ்சாலை பிடித்துவிட்டால், சாதாரண நாளில் 11 மணிக்குள் சேர்ந்துவிடலாம். நடுவே பஞ்சர் போட்டு டிபன் சாப்பிட்டாலும் 11.40 தாண்டாது. ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா, ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று முந்தின நாளே பார்த்துவிடுங்கள். சென்னை நெருங்கும்போது வழக்கமாக நான் நசரத்பேட்டையில் அவுட்டர் ரிங் ரோடு ஏறி, வண்டலூர், தாம்பரம் வழியாக வருவேன். சுற்றுதான், ஆனால் சிக்னல் தொல்லை குறைவு. பொங்கல் லீவு முடிந்து தென்மாவட்டங்களில் இருந்து எல்லாரும் சென்னை திரும்பும் நாளில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். பெருங்களத்தூரில் வண்டி அப்படியே நிற்கும். அன்றைக்குப் பூந்தமல்லி, போரூர், கத்திப்பாரா வழிதான் மேல்.

கார் ஓட்டும் பதற்றமே வேண்டாம் என்றால் வேலூரில் தங்குங்கள். காட்பாடியில் காலை ரயில் பிடித்தால் சென்ட்ரலுக்குச் சுமார் 2 மணி நேரம். அங்கிருந்து நீல வழித்தட மெட்ரோ நேராக விமான நிலையத்துக்கே போகும். பெட்டி தூக்கத் தெம்பு இருந்தால் என் ஓட்டு இதற்குத்தான், என் பிழைப்பில் நானே மண் போட்டுக்கொண்டாலும். கிளம்பும் முன் ரயில் ஓடுகிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். 2021 டிசம்பரில் திருவலம் அருகே பொன்னை ஆற்று ரயில் பாலத்தில் விரிசல் கண்டு, நிறைய ரயில்களை நிறுத்திவிட்டார்கள்.

இத்தனைக்கும் பிறகு 12.40-ஐப் பிடிக்க முடியாது என்று வழியிலேயே தெரிந்துவிட்டால், வண்டியை விரட்டாதீர்கள். காரில் இருந்தே விமான நிறுவனத்துக்குப் போன் போட்டு வேறு விமானத்துக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். விமானம் கிளம்பிய பிறகு கேட்பதைவிட முன்னால் கேட்டால் வழி பிறக்க வாய்ப்பு அதிகம். மாற்ற முடியாமல் டிக்கெட்டே வீணானாலும், அதில் அரசு வரியும் விமான நிலையக் கட்டணமும் திருப்பித் தர வேண்டிய பணம். கேட்டு வாங்குங்கள்.