வாசகர் கேள்வி: தானியேலின் எழுபதாவது வாரம் முடிந்துவிட்டதா?

கேள்வி: வெள்ளிக்கிழமைதோறும் வீவக வீடொன்றில் எங்கள் செல் குழு கூடுகிறது. தானியேல் 9ஐப் படித்தபோது, எழுபதாவது வாரம் இனிமேல்தான் வரும், அது அந்திக்கிறிஸ்துவின் ஏழு வருடம் என்றார் ஒரு சகோதரர். அது சிலுவையோடு நிறைவேறிவிட்டது என்கிறார் என் அத்தான். ஒரே வசனத்தில் இத்தனை வேறுபாடு எப்படி?
- வாசகி, ஈசூன்

பதில்: எருசலேமைத் திரும்பக் கட்டும் கட்டளை முதல் மேசியா வரை 69 வாரம், அதற்குப் பின் கடைசி ஒரு வாரம், ஆக எழுபது என்கிறது தானியேல் 9:24-27. ஒரு வாரம் ஏழு வருடம், 69 வாரம் 483 வருடம். இதில் இருவருக்கும் சண்டையில்லை. எங்கே எண்ணத் தொடங்குவது என்பதில்தான் பிரிகிறார்கள்.

அத்தான் தரப்பில் பலர் எஸ்றா 7இல் வரும் பெர்சிய ராஜா அர்தசஷ்டாவின் ஆணையிலிருந்து, அதாவது கி.மு. 457இலிருந்து எண்ணுவார்கள். 483இல் 457 போக 26. பூஜ்ய வருடம் கிடையாது என்பதால் ஒன்று கூட்டினால் கி.பி. 27, இயேசு ஞானஸ்நானம் பெற்ற காலம் என்பார்கள். (அந்த ஒன்றைக் கூட்ட மறப்பவர்கள் ஏராளம்.) மூன்றரை வருடம் கழித்து, அதாவது எழுபதாவது வாரத்தின் பாதியில், சிலுவை. ஆனால் எஸ்றா 7இன் ஆணை ஆலய ஊழியத்தைப் பற்றியது. நகரத்தைக் கட்டச் சொல்லி அதில் வெளிப்படையாக எதுவும் இல்லை.

நகரத்தைக் கட்டும் பேச்சு நெகேமியா 2இல் இருக்கிறது. சகோதரர் தரப்பு அதைப் பிடித்துக்கொள்கிறது: கி.மு. 445. ஆனால் அதே கணக்குப்படி வருவது கி.பி. 39, பிலாத்துவின் ஆட்சியே அதற்கு முன் முடிந்துவிட்டது. ஆகவே ஸ்காட்லாந்து யார்டு அதிகாரி ராபர்ட் ஆண்டர்சன் 19ஆம் நூற்றாண்டில் வருடத்துக்கு 360 நாள் என்று வைத்தார். வெளிப்படுத்தல் 11இல் 42 மாதமும் 1,260 நாளும் ஒரே காலமாக வருவதால் மாதத்துக்கு 30 நாள். 483ஐ 360ஆல் பெருக்கினால் 173,880 நாள், நம் வருடத்தில் சுமார் 476. அது கி.பி. 32இல் வந்து நிற்கிறது. எழுபதாவது வாரத்தை மட்டும் பிரித்துக் கடைசிக் காலத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். 1909இல் விளக்கக் குறிப்புகளோடு வெளிவந்த ஸ்கோஃபீல்டு வேதாகமம் இந்தப் பார்வையை வெகுவாகப் பரப்பியது.

எங்கள் பார்வையில் இந்த இடைவெளிதான் பலவீனமான இடம். நகரத்தின் அழிவு 69ஆம் வாரத்துக்குப் பின் வருகிறது என்று 26ஆம் வசனத்தைக் காட்டுவார்கள். அது நியாயமே, ஆனால் ஈராயிரம் வருட இடைவெளி என்று அந்த வசனம் சொல்லவில்லை.

மூன்றாவது தரப்பும் உண்டு. கி.மு. 167இல் கிரேக்க அரசன் அந்தியோகஸ் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தியதையே தானியேல் குறிக்கிறார் என்பது அவர்கள் வாதம். 1 மக்கபேயர் 1:54 பாருங்கள். உங்கள் வேதாகமத்தில் அந்த நூல் இல்லையென்றால், லூர்து அன்னை ஆலயத்துக்குப் போகும் கத்தோலிக்க நண்பரிடம் இருக்கும். ஆனால் மத்தேயு 24:15இல் இயேசு, தானியேல் சொன்ன அந்தப் பாழாக்கும் அருவருப்பை இனி நடக்கப்போவதாகப் பேசுகிறார். அதற்கு இவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை 24ஆம் வசனத்தில் தொடங்காதீர்கள். எரேமியாவின் 70 வருடம் வரும் 9:1-2இலிருந்து படியுங்கள். பிறகு தொடக்க வருடம் எது, வருடத்துக்கு எத்தனை நாள், இடைவெளி உண்டா, 27ஆம் வசனத்தில் உடன்படிக்கையை உறுதிப்படுத்துவது யார் என்று ஒவ்வொருவரும் எழுதட்டும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆதார வசனம். இல்லையென்றால் ‘ஊகம்’ என்று எழுதுங்கள்.

யாராவது இயேசுவின் இரண்டாம் வருகைக்குத் தேதி குறிக்க ஆரம்பித்தால் மத்தேயு 24:36ஐ வாசித்து அங்கேயே நிறுத்துங்கள். அமெரிக்கப் பிரசங்கியார் வில்லியம் மில்லரின் கூட்டத்தாரும் இதே கி.மு. 457இலிருந்து தானியேல் 8:14இன் 2,300 நாளை வருடங்களாக எண்ணித்தான், இயேசு வருவாரென்று 1844 அக்டோபர் 22 வரை காத்திருந்தார்கள்.