தண்ணீர் இல்லாத ஊரில் பயிர் எப்படி மூழ்கும்?

அன்புள்ள ஐயா,

காவிரி டெல்டா பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். எனக்கு ஒரு விஷயம் பிடிபடவில்லை. ஜூனில் மேட்டூரைத் திறக்கச் சொல்லிப் போராட்டம். நவம்பரில் பயிர் மூழ்கிவிட்டது, நிவாரணம் கொடுங்கள் என்று போராட்டம். தண்ணீருக்குத் தவிக்கும் இடத்தில் பயிர் எப்படி மூழ்கும்? நெல்லை விட்டுவிட்டு மக்காச்சோளம், பருத்தி என்று மாறினால் என்ன? நான் கிணற்றுப் பாசனத்தைப் பார்த்து வளர்ந்தவன், அதனால் கேட்கிறேன். தை மாதம் அந்தப் பக்கம் வருகிறேன். என்ன பார்க்கலாம்?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

இரண்டு போராட்டமும் நியாயமானதுதான். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே காரணம், அந்த நிலத்தின் தட்டை. கல்லணையிலிருந்து கடல் 100 கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தூரத்துக்கும் நிலம் இறங்குவது 60 மீட்டர் போலத்தான். திருவாரூரைத் தாண்டிவிட்டால் வயலுக்கும் கடலுக்கும் சில மீட்டர்தான் வித்தியாசம்.

காவிரி ஆண்டாண்டாக வண்டலைக் கொண்டுவந்து தன் கரையைத் தானே உயர்த்திக்கொண்டது. அதனால் ஆறு மேட்டிலும் வயல் பள்ளத்திலும் இருக்கிறது. மதகைத் திறந்தால் போதும், மோட்டார் இல்லாமல் தண்ணீர் வயலுக்குப் போய்விடும். வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, பாமணியாறு, கோரையாறு என்று ஆறு பிரிந்து பிரிந்து ஊர் ஊராகப் பாய்வது இப்படித்தான். கரையோரத்து மேடான படுகையில் வாழை, வெற்றிலை, கொஞ்சம் தள்ளிப் பள்ளத்தில் நெல் என்பதும் இதே கணக்குதான். திருவையாறு பக்கம் போனால் கண்ணாலேயே பார்க்கலாம்.

ஆனால் தண்ணீர் சுலபமாக வரும் நிலத்திலிருந்து அது சுலபமாகப் போகாது. அங்கே ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி கார்த்திகையில் கொட்டுகிறது. தலைமடை, அதாவது மேல்பக்கத்து வயலின் வடிகால் ஓர் ஆற்றில் போய் விழும், கீழே இருக்கிற ஊருக்கு அந்த ஆறுதான் பாசனம். கோடையில் இது வரம், ஒரே தண்ணீர் பல தடவை பயன்படுகிறது. அடைமழையில் அத்தனை ஊர்த் தண்ணீரும் கடைசியில் இருக்கிற கடைமடைக்காரன் தலையில் வந்து இறங்குகிறது. கடலும் பொங்கியிருந்தால் ஆற்றுத் தண்ணீர் கடலுக்குள் இறங்காது. வெளியே போக வழியில்லாமல் தலைஞாயிறு பக்கமெல்லாம் நாள்கணக்கில் நிற்கும்.

சரி, பயிர் மாற்றத்துக்கு வருவோம். நீங்கள் சொல்வது ஜூனில் தொடங்கும் குறுகிய கால நெல்லான குறுவைக்கு ஓரளவு பொருந்தும், மழைக்காலத்தில் நின்று தையில் அறுப்புக்கு வரும் சம்பாவுக்குப் பொருந்தாது. கார்த்திகையில் அந்தக் களிமண்ணில் மக்காச்சோளம் போட்டால் வேர் அழுகிவிடும். தண்ணீரில் நின்று பிழைக்கும் பயிர் நெல்தான். அதுவே தலை முழுக மூழ்கினால் தாங்காது. பருத்தியைத் திருவாரூர், நாகை மாவட்டங்களில் ஏற்கனவே கோடையில் போடுகிறார்கள். அப்புறம், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை பக்கம் 1934-க்குப் பிறகு கல்லணைக் கால்வாய் பாயும் புது டெல்டா. மண்ணே வேறு, தென்னையும் கடலையும் வரும். அந்த ஊருக்குச் சொல்லும் யோசனையை அப்படியே மன்னார்குடிக்குச் சொல்ல முடியாது.

குறுவைக்கு ஜூன் 12 மேட்டூர் திறப்பு என்பது வழக்கம். 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். 2024-இல் ஜூலை 28 வரை திறக்க முடியவில்லை. கும்பகோணம், பாபநாசம் பக்கம் பம்புசெட் வைத்துச் சமாளிக்கிறார்கள். கடலோரத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டால் பல இடங்களில் உப்புத் தண்ணீர்தான். காவிரி வழக்கின் 2018 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் டெல்டாவின் நிலத்தடி நீரில் 10 டிஎம்சியைக் (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி) கணக்கில் சேர்த்துத் தமிழ்நாட்டின் பங்கைக் குறைத்தது. மொத்தத்தில் 192 டிஎம்சி 177.25 ஆனது. அந்த நிலத்தடி நீர் கடைமடைக்கு உதவாது என்பது எனக்கு இன்றும் ஆறவில்லை.

எல்லோரும் மேட்டூரைப் பற்றியே பேசுகிறோம், வடிகாலைப் பற்றிப் பேசுவது குறைவு. பாசன வாய்க்கால் அடைத்தால் தண்ணீர் வராதவன் அன்றைக்கே சத்தம் போடுவான். வடிகால் அடைத்தால் நாலு ஊர் தள்ளி இருப்பவன்தான் மூழ்குவான், அடைத்தவனுக்குத் தெரியவே தெரியாது. ஆகாயத்தாமரை மண்டிக்கிடக்கிறது, மனை போடுகிறவர்கள் வடிகாலை மேடாக்கி நடுவில் ஒரு சிமெண்டுக் குழாயைப் பதித்துவிட்டுப் போகிறார்கள். ஒரு வயல் அகலத்துக்கு வடிய வேண்டிய தண்ணீர் அந்தக் குழாய் வழியாக எப்படிப் போகும்? கடைமடையிலிருந்து மேல்நோக்கி வடிகாலைத் தூர்வாரிக்கொண்டு வந்தாலே பாதி மூழ்கலைத் தடுக்கலாம் என்பது என் கருத்து.

தையில் வருகிறீர்கள், நல்ல நேரம். ஏதாவது ஒரு சம்பா வயலில் இறங்கி, தாளை விலக்கிக் கீழே பாருங்கள். அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே உளுந்தை, பயற்றை நெல்லுக்குள் வீசி விதைத்திருப்பார்கள். உழவு கிடையாது, பாசனம் கிடையாது. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்திலும் பனியிலுமே விளைந்துவிடும். நீங்கள் கேட்ட மாற்றுப் பயிர் அங்கே ஏற்கனவே இருக்கிறது. அறுவடை இயந்திரம் இறங்கினால் சக்கரத்தடத்தில் முளை நசுங்கிப்போகிறது. கையால் அறுக்க ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கூலி கட்டுப்படியாவதில்லை. இதற்கு என்ன செய்கிறார்கள் என்று வயலில் இருப்பவர்களிடமே கேட்டு எனக்கும் எழுதுங்கள்.