ஆர்டர் இரு மடங்கானால் லாபமும் இரு மடங்காகுமா?

கேள்வி: நான் பங்கு வைத்திருக்கும் மின்துறை நிறுவனம், பொறியியல் மற்றும் எரிசக்தி சேவை ஒப்பந்தங்கள் ஒரே வருடத்தில் இரு மடங்காகிவிட்டன என்கிறது. இதை எப்படி எடுத்துக்கொள்வது?
– வாசகர், ராஜபாளையம்

பதில்: கையில் உள்ள ஆர்டர் இனி செய்ய வேண்டிய வேலை, வந்த வருமானம் அல்ல. முதலில் அதைப் பிரித்துப் பாருங்கள். துணை மின்நிலையம் கட்டித் தருவது ஒரு வகை, வருடக்கணக்கில் பராமரிப்பது இன்னொரு வகை, மின்சாரத்தை மிச்சப்படுத்திக் கொடுத்து அந்த மிச்சத்திலிருந்து கூலி வாங்கும் 'எஸ்கோ' வேலை மூன்றாவது வகை. மூன்றிலும் பணம் வரும் வழி வேறு வேறு.

கட்டித் தரும் வேலையில் விலை முன்பே முடிவாகிவிடும். செம்பு, அலுமினியம் விலை ஏறினால் அதற்கேற்ப உயர்த்தித் தரும் ஷரத்து இல்லாத ஒப்பந்தத்தில் நஷ்டம் முழுக்க நிறுவனத்தின் தலையில்தான் விழும். ஒவ்வொரு பில்லிலும் 5 முதல் 10 சதவீதத்தை வாடிக்கையாளர் பிடித்து வைத்துக்கொள்வதும் வழக்கம். முடித்த வேலையின் அளவுக்கு வருமானம் கணக்கில் ஏறிவிடும். பில் போட்டிருக்க வேண்டும் என்பதில்லை. அப்படி ஏறிய தொகை ஐந்தொகையில் 'ஒப்பந்தச் சொத்துகள்' என்ற தலைப்பில் நிற்கும். நான் முதலில் புரட்டுவது அந்த வரியைத்தான். விற்பனை 20 சதவீதம் கூடி, இந்தத் தொகை 60 சதவீதம் கூடியிருந்தால், வேலை நடக்கிறது, பணம் வரவில்லை என்று அர்த்தம். அடுத்து, தொழில் நடவடிக்கையிலிருந்து வந்த ரொக்கத்தை நிகர லாபத்தோடு மூன்று வருடங்களுக்கு ஒப்பிடுங்கள்.

கேள்வி: எஸ்கோ முறை இந்தியாவில் பெரிய அளவில் நடந்திருக்கிறதா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: நடந்திருக்கிறது. என்டிபிசி, பவர்கிரிட் உள்ளிட்ட பொதுத்துறை நிறுவனங்கள் 2009-இல் சேர்ந்து தொடங்கிய இஇஎஸ்எல் (எனர்ஜி எஃபிஷியன்சி சர்வீசஸ் லிமிடெட்) என்ற மின்சேமிப்பு நிறுவனம்தான் பெரிய உதாரணம். வீடுகளுக்கு மலிவு விலையில் எல்இடி பல்பு தர 2015 ஜனவரி 5-இல் தொடங்கிய உஜாலா திட்டத்துக்காக எல்இடி பல்புகளை மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கினார்கள். 2014-இல் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016-இல் 38 ரூபாய்க்கு இறங்கியது. மானியம் இல்லாமல், மொத்தக் கொள்முதலின் பலத்திலேயே நடந்த காரியம் இது. மதிக்க வேண்டிய சாதனை.

தெருவிளக்குகளை எல்இடிக்கு மாற்றும் வேலையில் கதை வேறு. முதலீட்டை இஇஎஸ்எல் போட்டது. உள்ளாட்சிகள் பல வருடத் தவணையில் திருப்பித் தர வேண்டும். விளக்கு எரிந்தது, மின்கட்டணமும் குறைந்தது. ஆனால் பல இடங்களில் தவணை நிலுவையாக நின்றுவிட்டது. மிச்சமான பணம் தனிக் கணக்குக்குப் போகாமல் பொதுச் செலவில் கரைந்தால் தவணை கட்ட ஒன்றும் இருக்காது. வசூலுக்குத் தனி வங்கிக் கணக்கு உண்டா என்பதை ஒப்பந்தத்தில் தேட வேண்டும்.

கேள்வி: எங்கள் நூற்பாலையில் மின்சேமிப்பு செய்து தர ஒரு நிறுவனம் வந்திருக்கிறது. மிச்சத்தில் 70 சதவீதம் கேட்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: 70 சதவீதத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், எதில் 70 என்று பேசுங்கள். சண்டை வருவது அங்கேதான். உங்கள் ஆலை மாதம் 1 லட்சம் கிலோ நூல் எடுத்து 4 லட்சம் யூனிட் செலவழிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேலை முடிந்த பிறகு நூலுக்குக் கேட்பு குறைந்து 80 ஆயிரம் கிலோதான் ஓடுகிறது. பில் 3 லட்சம் யூனிட். பில்லை மட்டும் பார்த்தால் மிச்சம் 1 லட்சம் யூனிட்.

அது தப்பு. ஓட்டம் குறைந்தாலும் குறையாத செலவு உண்டு: விளக்கு, ஈரப்பதம் கூட்டும் பிளான்ட் போன்றவை. அது 80 ஆயிரம் யூனிட் என்றால், மீதி கிலோவுக்கு 3.2 யூனிட். 80 ஆயிரம் கிலோவுக்குப் பழைய இயந்திரங்களே 3,36,000 யூனிட்தான் எடுத்திருக்கும். உண்மையான மிச்சம் 36 ஆயிரம். இந்தச் சூத்திரம், குறைந்தது 12 மாத பில்களையும் உற்பத்திக் கணக்கையும் வைத்துப் போட்டது, ஒப்பந்தத்தில் இணைப்பாக இருக்க வேண்டும். நூல் நம்பர் (நூல் எவ்வளவு மெல்லியது என்ற அளவு) மாறினால் கிலோவுக்கான யூனிட்டும் மாறும் என்பதால் அதற்கும் திருத்தம் எழுதுங்கள். மாற்றும் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனி மீட்டர், வேலை தொடங்குவதற்கு முன்பே.

கேள்வி: கம்ப்ரசர் காற்றுக் கசிவை நாங்களே அளக்க முடியுமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: முடியும். விடுமுறை நாளில் காற்று எடுக்கும் இயந்திரங்களை எல்லாம் நிறுத்திவிட்டு, கம்ப்ரசரை மட்டும் ஓட்டுங்கள். லோடில் (காற்றை அழுத்தி) ஓடும் நேரத்தையும் அன்லோடில் (காற்றை அழுத்தாமல் சும்மா) ஓடும் நேரத்தையும் ஐந்தாறு முறை குறித்துச் சராசரி எடுங்கள். லோடு 2 நிமிடம், அன்லோடு 6 நிமிடம் என்றால் எட்டில் இரண்டு, அதாவது கம்ப்ரசர் தரும் காற்றில் 25 சதவீதம் கசிவு. 10 சதவீதத்துக்குள் கொண்டுவரலாம். ஹோஸ் கிளிப், கப்ளிங், ஃபில்டர் ரெகுலேட்டர் மூட்டுகளில் சோப்பு நீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். 7 பார் அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்றே சுமார் 3 கிலோவாட் தின்னும்.

கசிவை அடைத்த பிறகும் பில் எதிர்பார்த்த அளவு குறையவில்லை என்று பலர் சோர்ந்துபோகிறார்கள். ஸ்க்ரூ கம்ப்ரசர் அன்லோடில் ஓடும்போதும் முழு மின்சாரத்தில் கால் பங்குக்கு மேல் இழுக்கும் என்பதே காரணம். ஆகவே கசிவை அடைத்ததும் ஒரு கம்ப்ரசரை நிறுத்திப் பாருங்கள். பிறகு அழுத்தத்தை 0.2 பார் வீதம் இறக்கி, கடைசி இயந்திரத்தில் காற்று போதுமா என்று பார்த்துக்கொண்டே போங்கள்.